கல்லில் வெட்டிய பெயர்

அத்தியாயம் 9

ஏற்காட்டுக்கு வந்து இரண்டு நாளாகியும் காமாட்சி தலையில் போட்ட முக்காட்டை எடுக்கவில்லை.

"அவ்வளவு குளிருதாம்மா உனக்கு?" என்று மகள் கலாவதி கேட்கும்போதெல்லாம், "பழக்கமில்லாத குளிரு கண்ணு" என்று சொல்லிச் சமாளித்தாள்.

பழக்கமில்லாத குளிர்! பத்தொன்பது வயது வரை இந்தக் குளிரில்தான் அவள் வளர்ந்தாள் என்பது அந்த லாட்ஜ் அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். அவள் கணவர் வெங்கடாசலத்துக்கு.

இந்த மலையில் அவள் காமாட்சி இல்லை. மரியபுஷ்பம். கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த மனுவேலின் மூத்த மகள். சேலத்திலிருந்து மலையேறி வரும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த வெங்கடாசலத்தின் மேல் மனசு போய், ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், பெற்றவர்களுக்குத் தெரியாமல் மலையிறங்கிப் போனவள். அதன் பிறகு பவானியில் குடித்தனம், மாமியார் வைத்த புதுப் பெயர், நெற்றியில் குங்குமம். கலாவதி பிறந்த சமயத்தில் வெங்கடாசலம் மட்டும் ஏற்காட்டுக்குப் போய் மாமனாரைப் பார்த்துவிட்டு வந்தார். 'எம் மக செத்துப் போயிட்டா, அவ பேச்சை இங்க எடுக்காதே' என்று சொல்லி அவர் கதவைச் சாத்திவிட்டதாக வந்து சொன்னார். அன்றோடு காமாட்சியும் பிறந்த வீட்டுக்குத் தன் மனசைச் சாத்திவிட்டாள். சாத்திவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் கலாவதிக்குத் தெரியாது. தபாலாபீஸ் வேலையில் சேர்ந்து கையில் நாலு காசு சேர்ந்ததும், அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கென்று அவளே ஏற்காட்டில் ரூம் போட்டுவிட்டு வந்து நின்றாள். "ஊட்டி போலாம், கொடைக்கானல் போலாம், இங்கே இருக்கிற ஏற்காட்டுல என்ன இருக்குது?" என்று வெங்கடாசலம் குதித்தார். தனக்காகத்தான் குதிக்கிறார் என்று காமாட்சிக்கு நெகிழ்ந்துபோயிற்று. "புள்ளை ஆசைப்படறாளுங்க. போய்ட்டு வந்துரலாம்" என்று அவள்தான் அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

நேற்று சாயங்காலம் ஏரிக்கரை பஜ்ஜிக் கடையில், மகள் படகுக்கு டிக்கெட் எடுக்கப் போன நேரம் பார்த்து, கடைக்காரரிடம் பட்டும் படாமலும் விசாரித்தாள்.

"ரைட்டர் மனுவேலுங்களா? அவரு காலமாகி நாலஞ்சு வருஷமாச்சுங்களே. அவரு ஊட்டுப் பெரியம்மா அதுக்கு முந்தியே போய்ச் சேர்ந்துட்டாங்க."

அதைக் கேட்டவள், அழக்கூட இடமில்லாமல், மகளோடு படகில் உட்கார்ந்து ஏரியைச் சுற்றி வந்தாள்.

* * *

காலையில் வெங்கடாசலம் வெந்நீர் வாளியோடு குளியலறைக்குள் போனதும் காமாட்சி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா?" கலாவதி போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

"சும்மா ஒரு நடை. நீ தூங்கு சாமி."

வெளியே மேகம் தரைக்கு இறங்கி ரோட்டை மறைத்திருந்தது. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒண்டிக்கடை முக்கைத் தாண்டியதும் கால் தானாகவே திரும்பியது.

அன்று கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம். புல்லைச் செதுக்குகிறவர்கள், கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், செவ்வந்தியைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டுகிறவர்கள். ஈரக்காற்றில் மெழுகுவர்த்தி அணைய அணைய மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குங்குமப் பொட்டோடு முக்காடு போட்டு நுழைந்த அம்மாளை யாரும் கவனிக்கவில்லை.

அப்பாவின் கல்லைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. 'எஸ்டேட் ரைட்டர் ம. மனுவேல்' என்று கறுப்பு எழுத்தில் இருந்தது. அதன் முன்னே மண்டியிட்டாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மன்னிச்சிருங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தவள், பக்கத்துக் கல்லைப் பார்த்தாள்.

சின்னச் சிலுவை வைத்த பழைய கல். ஓரமெல்லாம் பாசி. ஆனால் எழுத்தின்மேல் யாரோ வருஷா வருஷம் கறுப்பு மை தீட்டி வந்திருக்கிறார்கள்.

ரைட்டர் மனுவேல் மகள்
மரியபுஷ்பம்
தோற்றம் 1945
மறைவு 1964

காமாட்சி அதை வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். மூன்றாம் தடவை எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது. மண்ணில் ஊன்றியிருந்த கையை எடுத்துத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் வந்தது கோபம்தான். உயிரோடு இருக்கிறவளுக்குக் கல் வைத்துவிட்டாரா? ஒருத்தனை விரும்பிப் போன குற்றத்துக்கு ஊரைக் கூட்டிக் காரியம் செய்துவிட்டாரா? இவ்வளவு வைராக்கியமா அப்பா உங்களுக்கு?

"ஏனுங்கம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? பூ வெக்கோணும்."

குரல் கேட்டு நிமிர்ந்தவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. அம்மாவே எதிரில் நிற்பது போலிருந்தது. அதே அகன்ற நெற்றி, அதே மேலுதட்டு மச்சம். ஆனால் வயது நாற்பதுக்குள்தான் இருக்கும்.

சாந்தாமேரி! அவள் விட்டுப் போனபோது பத்து வயது. ரெட்டை ஜடையோடு பின்னாலேயே சுற்றிய தங்கச்சி.

தங்கச்சிக்கு அக்காளை அடையாளம் தெரியவில்லை. தடித்த உடம்பும் முக்காடும் குங்குமமும் பார்த்துவிட்டு, மலை சுற்றிப் பார்க்க வந்த கீழ்நாட்டு அம்மாள் என்று நினைத்துக்கொண்டாள். கூடையை இறக்கி அப்பாவின் கல்லுக்குப் பாதி, அந்தச் சின்னக் கல்லுக்குப் பாதியென்று செவ்வந்தியைப் பரப்பினாள்.

"இது... யாருங்க?" காமாட்சியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எங்கக்காளுங்க. கல்யாணங்கூட ஆகலை. நொம்ப அழகா இருப்பா."

"என்ன ஆச்சு?"

சாந்தாமேரி தீக்குச்சியைக் கிழித்தாள். அணைந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

"ஒரு நாள் பொழுது சாயறப்ப ஊட்டை விட்டுப் போனவ வரலீங்க. யாரோடயோ ஓடிட்டான்னுதான் எஸ்டேட் பூரா பேசிக்கிட்டாங்க. ஒரு வாரமா விடாத மழை. மழை விட்டப்புறம், கிளியூர் அருவிக்குக் கீழ, பாறைச் சந்துல கெடந்தாளாம். மொகமே இல்லீங்க. எங்களையெல்லாம் பார்க்க விடலை. அப்பாதான் சேலையை வெச்சு அடையாளம் சொன்னாரு."

"சேலையா?"

"கத்தரிப்பூக் கலருங்க. கிறிஸ்மஸுக்குன்னு அப்பா சேலத்துல எடுத்தாந்தது. இந்த மலையில வேற யாருகிட்டயும் அந்தக் கலரு கெடையாது."

காமாட்சிக்குக் காதுக்குள் கிர்ரென்று ஒரு சத்தம் எழுந்தது.

அந்தச் சேலையை அவள்தான் அவிழ்த்துக் கொடுத்தாள். எஸ்டேட் காப்பிக் கொட்டகைக்குப் பின்னால், கொட்டுகிற மழையில். வாங்கிக் கட்டிக்கொண்டவள் பூவாயி. காப்பிப் பழம் பறிக்கக் கீழ்நாட்டிலிருந்து ஆளோடு ஆளாக மலையேறி வந்தவள். அவளுக்கும் இவள் வயதுதான். "எஞ்சேலையை நீ கட்டிக்கிட்டு, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு ரோட்டுப்பக்கம் எறங்கிப் போயிரு. உஞ்சேலையில நான் அருவிப் பாதையில நடந்தா, பார்க்கறவங்க ரைட்டர் மக அந்தப் பக்கம் போறான்னு நெனச்சுக்குவாங்க. போ புள்ளே, லாரி நிக்காது!" என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தாள்.

அந்தச் சிரிப்புதான் கடைசி.

அப்படியானால் இந்தக் குழியில் இருப்பது வெறும் மண் இல்லை. அப்பாவின் வைராக்கியம் இல்லை. பூவாயி! இருபத்தைந்து வருஷமாக, இவள் பெயரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பூவாயி இங்கே கிடக்கிறாள்.

"அம்மா, என்னுங்க ஆச்சு? மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு!" சாந்தாமேரி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்லீங்க... அப்ப பழம் பறிக்க வந்த ஆளுங்கள்ல ஒரு புள்ளை... யாராவது காணாமப் போனாங்களா?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று உறைத்தது. ஆனால் சாந்தாமேரி சந்தேகப்படவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"ஆளுங்கதான் தீபாவளிக்குக் கூட்டங்கூட்டமா எறங்கிப் போவாங்களே, யாரு எண்ணினா? ஆனா முனியப்பன்னு ஒருத்தரு, தங்கச்சியைத் தேடிக்கிட்டு கொஞ்ச நாளு வந்துக்கிட்டே இருந்தாரு. எவன்கூடவோ ஓடிட்டான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பாவம்." சற்று நிறுத்தி, "அதுக்கென்னுங்க?" என்றாள்.

"சும்மா கேட்டேன்."

"அப்பாவும் சாகற வரைக்கும் ஒரே பேச்சுத்தானுங்க. 'ஊரு சொன்ன மாதிரி யாரோடயாவது ஓடிப்போயிருந்தாக்கூடப் பரவால்லியே. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நின்னிருப்பாளே'ம்பாரு. அக்கா பேரைத்தான் என் மூத்த புள்ளைக்கு வெச்சிருக்கேன்."

நான்தான்டி உன் அக்கா. சாகலை. இதோ உன் முன்னாலேயே நிற்கிறேன். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பதும் கூடவே வந்தது. அப்படின்னா இதுக்குள்ள இருக்கறது யாரு? எப்படிச் செத்தா? யாருக்காகச் செத்தா?

காமாட்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சாந்தாமேரி ஒரு மெழுகுவர்த்தியை நீட்டினாள். "அவளுக்குன்னு கேக்க யாரு இருக்கா? நீங்க இவ்வளவு பிரியமா கேட்டீங்க. நீங்களும் ஒண்ணு ஏத்துங்க. நாங்க வெள்ளக்கடை கிராமத்துல இருக்கோம். நாளைக்கு இருந்தீங்கன்னா ஊட்டுக்கு வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்."

தன் பெயர் வெட்டிய கல்லின் முன்னால் காமாட்சி மெழுகுவர்த்தியை ஏற்றினாள். பூவாயி, பூவாயி என்று உதடு மட்டும் அசைந்தது.

* * *

கேட்டைத் தாண்டியதும் குடையோடு கலாவதி எதிரில் வந்தாள். தேடி அலைந்த கோபம் முகத்தில் இருந்தது.

"சும்மா ஒரு நடைன்னு சொல்லிட்டு இங்க வந்து என்னம்மா பண்றே? அப்பா அங்க கூண்டுப் புலியாட்டம் நடக்கறாரு. கல்லறையில நமக்கென்ன வேலை?"

காமாட்சி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்த அந்தப் பிடியில் கலாவதியின் கோபம் அடங்கிப்போயிற்று.

"கண்ணு, இது எங்க ஊரு."

"எது?"

"இந்த ஏற்காடுதான். எம்பேரு மரியபுஷ்பம். உன்னோட தாத்தாவைத்தான் உள்ளே பார்த்துட்டு வர்றேன்."

கலாவதி சிரிக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. குடை கையிலிருந்து நழுவி ரோட்டோரம் உருண்டது. அதை எடுக்க இருவருக்கும் தோன்றவில்லை. மழைத்தூறலில் நடந்துகொண்டே, சுருக்கமாக, தட்டுத்தடுமாறி, காமாட்சி சொன்னாள். பஸ் கண்டக்டரை விரும்பியது, லாரியேறிப் போனது, செத்துவிட்டதாக நினைத்து அப்பா கல் வைத்தது, அங்கே தங்கச்சியைப் பார்த்தும் சொல்லாமல் வந்தது. பூவாயியைப் பற்றி மட்டும் வாய் வரவில்லை.

"எங்கிட்ட எதுக்கும்மா இத்தனை வருஷம் சொல்லலை?" கலாவதியின் குரல் உடைந்திருந்தது. "எனக்கு ஒரு சித்தி இருக்காங்க. அவங்ககிட்டப் பேசிட்டு, நீ யாருன்னுகூடச் சொல்லாம வந்துட்டியா?"

"சொல்ல முடியலை சாமி."

"ஏன்?"

காமாட்சி நடையை எட்டிப் போட்டாள். அவளுக்குள் வேறொன்று அரிக்கத் தொடங்கியிருந்தது. புள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்க மாட்டாளா என்று சாகும் வரை ஏங்கிய மனுஷன், மருமகன் வந்து நின்றபோது எப்படிக் கதவைச் சாத்தியிருப்பார்?

* * *

அறையில் பெட்டி கட்டி முடிந்திருந்தது. ஈரத் துண்டைக்கூட மடித்து உள்ளே திணித்துக்கொண்டிருந்தார் வெங்கடாசலம்.

"எங்கே போய்த் தொலைஞ்சே? மழை வலுக்கும் போல இருக்குது. அடுத்த பஸ்ஸுக்கே எறங்கிரலாம்."

காமாட்சி முக்காட்டை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"எங்கப்பாவைப் பார்த்துட்டு வர்றேனுங்க. பக்கத்துலயே என்னையும் பார்த்தேன். மரியபுஷ்பம்னு கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க."

வேறு யாராக இருந்தாலும், என்ன கல்லு, என்ன உளறறே என்றுதான் கேட்டிருப்பார்கள். வெங்கடாசலம் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உன்னை யாராச்சும் அடையாளம் கண்டுக்கிட்டாங்களா?"

காமாட்சி அவரையே பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ கொஞ்சம் வெளிய இரு."

"இல்லீங்கப்பா. நான் இங்கயே இருக்கேன்." கலாவதி அம்மாவை ஒட்டி நின்றுகொண்டாள்.

"இவ பொறந்தப்ப எங்கப்பாவைப் பார்த்துட்டு வந்தேன்னீங்களே. பார்த்தீங்களா?"

வெங்கடாசலம் பெட்டிப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"பார்க்கலை."

"மலைக்காவது வந்தீங்களா?"

"இல்லை. சேலத்தோட திரும்பிட்டேன்."

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் இருபத்தைந்து வருஷம் சரிந்து விழுந்தது. அம்மாவின் சாவுக்குப் போகாதது, அப்பாவின் சாவே தெரியாமல் போனது, பிறந்த வீட்டை நினைத்து நினைத்துப் பொருமியது, எல்லாமே இந்த மனுஷன் வாயிலிருந்து வந்த ஒரு பொய்யின்மேல் நின்றிருக்கிறது.

"ஏனுங்க? எதுக்குங்க? நான் உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கெழவன் சிரிச்சுக்கிட்டே செத்திருப்பாரே!" அவள் குரல் உயர்ந்தது. "அந்தக் குழி சும்மா இல்லீங்க. உள்ளாற ஒருத்தி இருக்கா. எம்பேருல படுத்திருக்கா..."

"பூவாயி விழுந்ததுக்கு நான் காரணமில்லை, காமாட்சி!"

காமாட்சி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

அந்தப் பெயரை இன்றைக்கு அவள் இன்னும் சொல்லவேயில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மகள் காதில் விழாமல் இவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "பூவாயி எங்க இருக்காளோ, அவ புண்ணியத்துலதான் நாம வாழறோமுங்க" என்று காமாட்சி சொல்லுவாள். "அவளுக்கென்ன, புருஷன் புள்ளையோட எங்கயாவது நல்லா இருப்பா" என்று இவர்தான் சொல்லுவார். இவரேதான்.

"பூவாயி யாரும்மா?" கலாவதி கிசுகிசுத்தாள்.

வெங்கடாசலம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கண்டக்டராக இருந்து, செக்கிங் இன்ஸ்பெக்டராகி, நாலு பேரை அதட்டியே பழகிய உடம்பு. இப்போது தோளிரண்டும் தொங்கிப்போயிருந்தது.

"லாரிக்காரன் வர நேரமாச்சு. நீ தனியா வந்து நின்னு பயந்துருவேன்னு, நான் முன்னாடியே குறுக்குப் பாதையில உங்க ஊட்டுப்பக்கம் வந்தேன். ஒரே பனி. அருவிப் பாதையில கத்தரிப்பூச் சேலை போறது தெரிஞ்சுது. இவ எதுக்கு அந்தப் பக்கம் போறா, வழி தவறிட்டாளான்னு... நீதான்னு நெனச்சுக் கூப்பிட்டேன் காமாட்சி."

"கூப்பிட்டு?"

"உங்க ஊட்டு ஆளுங்க தொரத்தறாங்கன்னு நெனச்சிருப்பா. திரும்பிக்கூடப் பார்க்கலை. ஓடினா. நானும் பின்னாலயே ஓடினேன். பாறையெல்லாம் வழுக்கல். என் கண்ணு முன்னாலதான்..."

அவர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று லாரி நின்ற வளைவுக்கு அவர் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தது காமாட்சிக்கு நினைவு வந்தது. சட்டையெல்லாம் சேறு. முழங்கை சிராய்த்து ரத்தம். வரும் வழியில் வழுக்கி விழுந்துட்டேன் என்றார். தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டது அவள்தான். கிழித்தது பூவாயியின் சேலை.

"போலீஸு, கேசுன்னு உன்னை எங்கிட்டயிருந்து பிரிச்சிருவாங்கன்னு பயம். அப்புறம் அவங்களே அது நீதான்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு பஸ் ஆளுங்க பேசிக் கேட்டேன். அப்படியே விட்டுட்டேன். சத்தியமா நான் தள்ளலை. இந்தப் புள்ளை மேல ஆணையா நான் தொடக்கூட இல்லை."

கலாவதி ஓரடி பின்னால் நகர்ந்தாள். அப்பா சத்தியம் செய்ய நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

காமாட்சி அழவில்லை. மெல்ல அவர் எதிரில் போய், தரையில் உட்கார்ந்தாள். மூடியிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி முகத்தைப் பார்த்தாள். முழங்கைச் சிராய்ப்பு, பாறையில் வழுக்கினால் வருவது. பாதையில் ஓடியவனுக்கு அது எப்படி வந்தது? இந்த மனுஷன் அன்றைக்குப் பாறையில் இறங்கியிருக்கிறார்.

"கீழே எறங்கிப் பார்த்தீங்கல்ல?"

அவர் தலை ஆமாம் என்று அசைந்தது.

"நீங்க எறங்கிப் போறப்ப..." காமாட்சிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்க மூச்சுப் போதவில்லை. "அந்தப் புள்ளைக்கு உசுரு இருந்துச்சா?"

வெங்கடாசலம் அவள் பிடியிலிருந்து விரல்களை உருவி மறுபடியும் முகத்தை மூடிக்கொண்டார்.